மூன்று கிலோ குறைந்த கேப்டன்

எடை அளவு ஆய்வாளருக்கு அலுவலகத்தில் 'படிக்கல்' என்று பெயர். முகத்துக்கு நேரே யாரும் கூப்பிடமாட்டார்கள். ஆனாலும் அவருக்குத் தெரியும், உள்ளூரக் கொஞ்சம் பெருமையும் உண்டு. கடைத் தராசுகளைச் சோதித்து முத்திரை வைப்பது அவர் வேலை. ஐந்து கிராம் குறைந்தாலும் போதும், கடைக்காரர் காலில் விழுந்தாலும் மசியமாட்டார். அப்பேர்ப்பட்ட மனுஷர் சொந்த மனைவியின் வேலையை எடைபோட உட்கார்ந்தால் சும்மா விடுவாரா? ஒரு முழுத்தாளில் நடுவே கோடு கிழித்து, இந்தப் பக்கம் ஒரு வேலை, அந்தப் பக்கம் ஒரு வேலை என்று பிரித்து, ஒவ்வொரு வரிக்கும் பத்துக்கு இத்தனை என்று மதிப்பெண் போட்டுவிட்டார்.

மனைவி விமானி. ஆறு வருஷமாக ஒரு சார்ட்டர் கம்பெனியில் கேப்டன். சார்ட்டர் என்றால் காலை வண்டி, மாலை வண்டி என்று அட்டவணையெல்லாம் கிடையாது. யாரோ ஒருவர் எங்கோ போகவேண்டுமென்று மொத்த விமானத்தையும் பேசி எடுத்துக்கொள்வார். போன் வரும், இவள் போய் ஓட்டவேண்டும். வாசல் கதவை ஒட்டி எந்நேரமும் ஒரு பெட்டி தயாராக நிற்கும். பாதிச் சாப்பாட்டில் கையைக் கழுவிவிட்டுக் கிளம்பியிருக்கிறாள். 'ஒரே நாள்தாங்க' என்று போனவள் ஆறாம் நாள் வந்து நின்றிருக்கிறாள். ஒன்பது வயது மகளின் வகுப்பாசிரியை, "குழந்தைக்கு அம்மா... இருக்காங்க இல்ல?" என்று இழுத்து விசாரித்த அன்று ஆய்வாளருக்கு நாக்கைப் பிடுங்கிக்கொண்டு சாகலாம் போலிருந்தது.

இந்த நிலையில்தான் பெரிய கம்பெனியிலிருந்து ஓர் அழைப்பு வந்தது. நூற்றெண்பது பேர் ஏறும் விமானம். என்றைக்கு வேலை, என்றைக்கு வீடு என்று ஒரு மாதத்துக்கு முன்பே கையில் தாள் கொடுத்துவிடுவார்கள். சரி, வேண்டாம் என்று ஏதாவதொன்றை இன்று மாலை நான்கு மணிக்குள் சொல்லியாகவேண்டும்.

ஆய்வாளரின் தாளில் பெரிய கம்பெனிக்கு ஐம்பத்திரண்டு. சார்ட்டருக்கு முப்பத்தொன்று. 'வீட்டில் இருக்கும் நாள் முன்கூட்டித் தெரியும்' என்ற வரிக்கு முழுசாகப் பத்து. சார்ட்டர் பக்கம், 'கேப்டன் என்று பேர், மூட்டை தூக்குகிறாள், நாற்காலி துடைக்கிறாள்' என்ற வரிக்கு வெறும் ஒன்று. அதே பக்கத்தின் கடைசியில் 'அவளுக்குப் பிடிக்கும்' என்று ஒரு வரி. அதற்கு ஐந்து.

அவள் தாளை வாங்கி நிதானமாகப் படித்தாள். படித்துவிட்டு, "எல்லாம் ஒழுங்காத்தான் போட்டிருக்கீங்க. ஆனா நான் வேலை செய்யறதை நீங்க ஒரு நாளாவது பார்த்திருக்கீங்களா? பார்க்காத தராசுக்கு முத்திரை வைப்பீங்களா?" என்றாள்.

சுருக்கென்று தைத்துவிட்டது. தொழிலில் கைவைத்தால் யாருக்குத்தான் தைக்காது?

"இன்னைக்குப் பாட்டுக் குழு ஒண்ணு தீவுக்குப் போகுது. ஒரு சீட் காலி. கம்பெனில கேட்டுட்டேன். வந்து பாருங்க. மூணு மணிக்குள்ள அங்க இறங்கிடுவோம். இறங்கினதும் நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்க, அதையே அனுப்பிடறேன்."

அப்படித்தான் ஆய்வாளர் விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டு, மகளைப் பள்ளி விட்டதும் அவளுடைய அத்தை வீட்டுக்குப் போகச் சொல்லிவிட்டு, மதியம் அந்தச் சின்ன விமான நிலையத்துக்கு வந்து உட்கார்ந்திருந்தார். மடித்த தாள் சட்டைப்பையில். ஜன்னல் சீட் கிடைக்குமா என்று ஓர் ஆசை, அது மனசுக்குள். இந்த வயதில் இதையெல்லாம் வாய்விட்டா கேட்க முடியும்?

காத்திருப்பு அறை பளபளவென்று இருந்தது. பெரிய மனுஷர்கள் வந்துபோகும் இடம் என்று கம்பெனிக்காரர்கள் முந்தின நாள்தான் சுவருக்குச் சுவர் கம்பளம் விரித்திருந்தார்கள். கால் வைத்தால் கணுக்கால் வரை புதைந்தது. நடுவில் எடை மெஷின். சின்ன விமானம் இல்லையா, ஏறுகிற ஒவ்வொருவரையும் நிறுத்தி எடை பார்த்துத்தான் ஏற்றவேண்டும். சாமான்களுக்கும் அதே மெஷின்தான்.

பாட்டுக் குழுவில் பத்துப் பேர். மீசை முறுக்கிய தலைவர், ஒரு பாடகி, மற்றவர்கள் வாத்தியக்காரர்கள். மெஷினைப் பார்த்ததும் அத்தனை பேருக்கும் முகம் சுருங்கிவிட்டது. அந்த நேரம் பார்த்து உள்ளே வந்தாள் கேப்டன். வந்தவள் தொப்பியைக் கழற்றி வைத்துவிட்டு முதல் ஆளாகத் தானே மெஷினில் ஏறி நின்றாள்.

"கேப்டன், அறுபத்து நாலு!" என்று அறை முழுக்கக் கேட்கும்படி சொன்னாள்.

ஆய்வாளருக்குத் தூக்கிவாரிப் போட்டது. பன்னிரண்டு வருஷ தாம்பத்தியம்! வீட்டில் எடை பார்க்கும்போது அவரை அறையைவிட்டே வெளியே அனுப்பிவிடுகிற மகராசி, இங்கே ஊருக்கே தண்டோரா போடுகிறாள்! ஆனால் அதில் ஒரு சூட்சுமம் இருந்தது. கேப்டனே சொல்லிவிட்ட பிறகு மற்றவர்களுக்கு என்ன வெட்கம்? ஒவ்வொருவராகச் சிரித்துக்கொண்டே ஏறினார்கள். துணை விமானி பக்கத்தில் நின்று எழுதிக்கொண்டான்.

பெரிய ட்ரம்மைப் பெட்டியோடு அணைத்துக்கொண்டு அப்படியே ஏறினார் அதை வாசிப்பவர். மெஷினில் எண் வரவில்லை. நாலு கோடு மட்டும் வந்தது.

"நாலு கோடு வந்தா, அவ்வளவு எடையை அளக்க மெஷினால முடியலன்னு அர்த்தம். நீங்க தனியா, அது தனியா" என்றாள் கேப்டன்.

பாடகி மட்டும் ஏறமாட்டேன் என்றுவிட்டாள். "இத்தனை ஆம்பளைங்க முன்னாடியா? செத்தாலும் ஏற மாட்டேன். அறுபதுன்னு போட்டுக்குங்க."

கேப்டன் வாக்குவாதம் செய்யவில்லை. மெஷினின் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பினாள். "எல்லாரும் ஜன்னல் வழியா நம்ம விமானத்தைக் கொஞ்சம் பாருங்க. அழகா இருக்கா, இல்லையா?" என்றாள். பத்துத் தலையும் ஒரே நேரத்தில் திரும்பின. பாடகி ஏறினாள், எட்டிப் பார்த்தாள், "அட!" என்று முகம் மலர்ந்து இறங்கினாள். கேப்டன் பாடகியின் பெயரை எழுதாமல் சீட் நம்பருக்கு எதிரே எண்ணைக் குறித்துக்கொண்டாள். கெட்டிக்காரிதான் என்று ஆய்வாளர் மனசுக்குள் ஒரு மதிப்பெண்ணைக் கூட்டிவைத்தார்.

கடைசியில் அவர் முறை. ஏறினார். எழுபத்தைந்து.

அடடா, நாலு கிலோ குறைந்திருக்கிறதே! பத்து விநாடி அவருக்கும் சந்தோஷம்தான். படிக்கல்லும் மனுஷன்தானே. இறங்கி நின்று சுற்றிப் பார்த்தார். ட்ரம்காரர், "பட்டினி கிடக்காமலே ரெண்டு மூணு கிலோ போயிடுச்சு பாருங்க!" என்று வயிற்றைத் தட்டிக் காட்டிக்கொண்டிருந்தார். பாடகி புன்னகை மாறாமல் உதட்டுச் சாயம் போட்டுக்கொண்டிருந்தாள். மொத்த அறையும் சிரித்துக்கொண்டிருந்தது.

அங்கேதான் அவருக்குச் சந்தேகம் தட்டியது. இருபது வருஷ அனுபவம் சொன்னது: மெஷினிலிருந்து இறங்குகிற ஒருத்தர் சிரிக்கலாம், இரண்டு பேர் சிரிக்கலாம். அத்தனை பேரும் சிரித்தால் கோளாறு மெஷினில்தான். அவர் எடை எழுபத்தொன்பது. திங்கள்கிழமை தவறாமல் அலுவலகத்தில், முத்திரையிட்ட தராசில் பார்க்கிற எடை. நாலு நாளில் நாலு கிலோ இறங்க அவர் என்ன காய்ச்சலிலா கிடந்தார்?

குனிந்தார். மண்டிபோட்டு மெஷினுக்கு அடியில் விரலை விட்டுப் பார்த்தார். விரல் நுழையவில்லை. நாலு காலும் கம்பளத்துக்குள் புதைந்து, மெஷினின் அடிவயிறே தரையில் படிந்து கிடந்தது. இந்த மாதிரி மெஷினுக்கு எடை தெரிவது கால்களில்தான். வயிறு தரையைத் தொட்டுவிட்டால் பாரத்தில் கொஞ்சத்தைக் கம்பளம் வாங்கிக்கொள்ளும், கால்களுக்குக் கணக்குக் குறைந்துதான் வரும். நேற்றுவரை மெஷின் கல் தரையில் இருந்திருக்கிறது. இன்று கம்பளத்தின் மேல். யாருக்கும் தோன்றவில்லை.

கேப்டன் மேசையில் உட்கார்ந்து கணக்கு முடித்துக் கையெழுத்துப் போடப் போனாள். ஆய்வாளருக்குக் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை. சொன்னால் அத்தனை பேருக்கு முன்னால் அவளுக்குத் தலைகுனிவு. கட்டின புருஷனே வந்து கழுத்தறுத்தான் என்று ஆகிவிடும். சொல்லாமல் இருப்பதா? அந்த நினைப்பே அவரை உலுக்கிவிட்டது. பக்கத்தில் போய்க் குரலைத் தாழ்த்தினார்.

"ஒரு நிமிஷம். மெஷின் கம்பளத்துல உக்காந்திருக்கு. கால் பதிஞ்சுபோச்சு. ஆளுக்கு மூணு நாலு கிலோ குறைச்சுக் காட்டுது. நான் எழுபத்தொம்பதும்மா."

அவள் பேனா நின்றது. மெஷினைப் பார்த்தாள், கம்பளத்தைப் பார்த்தாள். முகம் மெல்லச் சிவந்தது.

"ரெண்டு வாரமா ராத்திரிச் சாப்பாட்டைப் பாதியாக் குறைச்சேன்" என்றாள், அவருக்கு மட்டும் கேட்கிற மாதிரி. "அது வேலை செய்யுதுன்னு நினைச்சேங்க."

அவ்வளவுதான். ஒரு மூச்சு விட்டாள். எழுந்தாள். எழுதிய தாளைக் குறுக்கே கிழித்தாள்.

"எல்லாரும் மன்னிக்கணும். எடை தப்பா எடுத்துட்டேன். தப்பு என்னோடது. மறுபடி எல்லாரும் ஏறணும்."

மெஷினைத் தானே தூக்கிக்கொண்டு போய் வாசல் நடையில், கல் தரையில் வைத்தாள். மறுபடி முதல் ஆளாக ஏறினாள்.

"கேப்டன், அறுபத்தேழு!" முன்னைவிடச் சத்தமாகச் சொன்னாள்.

ஆய்வாளர் வாழ்க்கையில் எத்தனையோ பேரைக் கையும் களவுமாகப் பிடித்திருக்கிறார். மெஷின் சரியில்லை, வேலைக்காரன் சரியில்லை, சனியன் காற்று அடித்தது, அதனால் முள் ஆடியது என்று ஆயிரம் சாக்குக் கேட்டிருக்கிறார். தப்பு என்னுடையது என்று ஒருத்தர் இவ்வளவு சத்தமாகச் சொல்லி அவர் கேட்டதே இல்லை.

இரண்டாம் சுற்றில் யாரும் சிரிக்கவில்லை. பாடகி, "அஞ்சு நிமிஷத்துக்கு முன்னாடி ஒரு கணக்கு, இப்ப ஒரு கணக்கா?" என்று பொருமினாள். தலைவர் கடிகாரத்தைத் தட்டித் தட்டிக் காட்டினார். சாமான்களையும் ஒவ்வொன்றாக மறுபடி வைத்து எடுத்தார்கள். கூட்டிப் பார்த்தால், முன்பு பதினெட்டுக் கிலோ மிச்சம் என்று இருந்தது, இப்போது நாற்பத்தொரு கிலோ அதிகம் என்று நின்றது.

"நாப்பது கிலோதானே! அத்தனை பெரிய விமானம் இதைத் தாங்காதா?" என்றார் தலைவர்.

"தாங்கும் சார். எழும்பிடும். அங்க போய் நிக்கிறதுதான் கஷ்டம். அந்தத் தீவுல ரன்வே ரொம்பச் சின்னது. அது முடியற இடத்துல கடல்."

"அப்ப எரிபொருளைக் கொஞ்சம் குறைங்க."

"மேகம் மூடிக்கிச்சுன்னா அங்க இறங்காம வேற இடத்துக்குப் போறதுக்கு வெச்சிருக்கறது அது. அதுல மட்டும் கை வைக்க மாட்டேன் சார்."

"ட்ரம் இல்லாம நான் கச்சேரி பண்ண முடியாது. நாங்க பேசி எடுத்த விமானம் இது. வேணும்னா உங்க முதலாளிக்கே போன் போடறேன்!"

"போடுங்க சார். அவர் சரின்னு சொன்னாலும் ஓட்டப்போறது நான்தான்." குரலில் சூடு இல்லை, பணிவு குறையவில்லை. ஆனால் ஓர் அங்குலம் நகரவில்லை. அப்புறம் தாளைப் பார்த்தாள். கணவரைப் பார்த்தாள்.

"என்னங்க. நீங்க இறங்கிக்குங்க."

கொஞ்சலும் இல்லை, கெஞ்சலும் இல்லை. ஆய்வாளர் பையை எடுத்துக்கொண்டார். ஜன்னல் சீட் போச்சு. நியாயமாகப் பார்த்தால் வருத்தப்படவேண்டும். மனுஷருக்கு மார்பு விம்மிப் புடைத்து நின்றது. தன் பெண்டாட்டி தன்னையே கீழே இறக்கிவிட்டாள் என்று யாரிடமாவது சொல்லிப் பீற்றிக்கொள்ளவேண்டும் போலிருந்தது.

அவர் ஒருத்தர் விலகியதால் மட்டும் கணக்கு முடிந்துவிடவில்லை. எந்தப் பாரம் எங்கே உட்காருகிறது என்பதும் முக்கியமாம். ட்ரம்மை முன்பக்கம் மாற்றினாள், இரண்டு பேரைப் பின்வரிசைக்கு அனுப்பினாள், கணக்கை முதலிலிருந்து கையால் போட்டாள். அப்புறம் துணை விமானியோடு சேர்ந்து தானும் சாமான்களைத் தூக்கினாள்.

"நீ ஏன் தூக்கறே? ஆள் இல்லையா?" என்று கேட்டேவிட்டார்.

"தூக்கினாத்தாங்க தாள்ல இருக்கற கிலோ நிஜமான்னு கைக்குத் தெரியும்" என்றாள் மூச்சிரைக்க. "இன்னைக்கு முதல் தடவை பெட்டியெல்லாம் மெஷின்ல தூக்கி வெச்சது நீங்கதானே" என்று துணை விமானியைப் பார்த்துச் சிரித்தாள். "நான் தூக்கியிருந்தா அப்பவே கண்டுபிடிச்சிருப்பேன்."

மூட்டை தூக்குகிறாள் என்ற வரிக்கு ஒரே ஒரு மதிப்பெண் போட்ட மகானுபாவர் தலையைச் சொறிந்துகொண்டார்.

மணி இரண்டரை ஆகிவிட்டது. போய் இறங்க நாலே கால் ஆகும். அவள் கைப்பேசியை எடுத்து அவரிடம் நீட்டினாள்.

"நாலு மணிக்கு நான் மேல இருப்பேன். இதுல ரெண்டு கடிதம் எழுதி வெச்சிருக்கேன். ஒண்ணு சரின்னு, ஒண்ணு வேண்டாம்னு. நீங்களே ஒண்ணை அனுப்பிடுங்க. எது போனாலும் எனக்குச் சந்தோஷம்தான். சத்தியமா."

சொல்லிவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போய்விட்டாள். ஆய்வாளர் அந்தச் 'சத்தியமா'வைக் கேட்டபடியே நின்றார். பன்னிரண்டு வருஷத்தில் அவள் பேச்சில் அவர் கண்டுபிடித்த ஒரே கலப்படம் அதுதான். நிஜமாகவே நிஜமென்றால் அவள் சத்தியம் பண்ணுவதே இல்லை.

வேலிக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்தார். விமானம் ஓடியது, ஒரு குலுங்கல் இல்லாமல் எழும்பியது, சின்னதாகிச் சின்னதாகி மறைந்தது. அதற்குள் பத்துப் பேர் இருந்தார்கள், ட்ரம் இருந்தது, அத்தனைக்கும் அவள் பொறுப்பு. அண்ணாந்து பார்த்த கழுத்து வலிக்கும்வரை அங்கேயே நின்றிருந்தார்.

உள்ளே வந்து கடிதங்களைத் திறந்தார். 'சரி' என்ற கடிதத்தில் ஒரு பிழை இல்லை, அச்சடித்த விண்ணப்பம் மாதிரி இருந்தது. 'வேண்டாம்' என்ற கடிதம் இரண்டே வரி. 'உங்கள் அழைப்புக்கு நன்றி. நான் செய்யும் வேலையை நான் மிகவும் நேசிக்கிறேன்.' அனுப்பப்படாது என்று நினைத்து எழுதியதைப் போலிருந்தது.

சட்டைப்பையிலிருந்து தாளை எடுத்து முழங்காலில் விரித்தார். பொய் சொல்லக்கூடாது, 'வீட்டில் இருக்கும் நாள்' வரிக்குப் போட்ட பத்து பத்தாகவே இருந்தது. இன்று ராத்திரியும் அவள் இல்லாத வீட்டுக்குத்தான் போகவேண்டும். மகள் கேட்பாள், பதில் சொல்லவேண்டும். வகுப்பாசிரியை மறுபடி இழுப்பாள். அதில் ஒரு கிராம்கூடக் குறையவில்லை. ஆனால் இந்தத் தாளை அவர் எங்கே உட்கார்ந்து எழுதினார்? வீட்டில், மெத்தை நாற்காலியில், அவள் கிளம்பிப் போன கோபத்தில். அவள் விட்டுப்போன பக்கத்தையே பார்த்துக்கொண்டு, போய்ச் சேர்ந்த பக்கத்தைப் பார்க்காமல். அவருடைய மெஷினும் கம்பளத்தின் மேல்தான் இருந்திருக்கிறது! ஊர்த் தராசையெல்லாம் குனிந்து பார்த்தவருக்குத் தன் காலடியைப் பார்க்கத் தோன்றவில்லை.

'அவளுக்குப் பிடிக்கும்' என்ற வரிக்கு எதிரே இருந்த ஐந்தை அடித்தார். என்ன போடுவது? ஏழா? ஒன்பதா? பேனா நின்றுவிட்டது. கடைசியில் எதையோ போட்டுவிட்டுத் தாளை மடித்தார். மூன்று ஐம்பதுக்கு அந்த இரண்டு வரிக் கடிதத்தை அனுப்பினார்.

நாலு இருபத்தைந்துக்குக் கைப்பேசி அடித்தது. தீவின் அலுவலக எண்.

"இறங்கிட்டோங்க" என்றாள். "எல்லாரும் பத்திரம். அந்தம்மா கோபம் தணிஞ்சு, கடைசி அரை மணி நேரம் பாடிக்கிட்டே வந்தாங்க. நீங்க சாப்பிட்டீங்களா?"

"சாப்பிட்டேன். அனுப்பிட்டேன்."

அவள் மெதுவாக, "சரிங்க. நல்லது. எதுன்னாலும் எனக்கு..."

"சத்தியம் பண்ணாதே" என்றார். "வேண்டாம்னு சொல்லி அனுப்பிட்டேன்."

மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. "அம்பத்திரெண்டு, முப்பத்தொண்ணுன்னு இருந்துதே, அது என்னாச்சு?"

"மெஷின் சரியில்ல. மறுபடி எடை போட்டேன்."

"எனக்குப் பிடிக்கும்ன்றதுக்கு எத்தனை போட்டீங்க?"

"நாலு கோடு" என்றார் ஆய்வாளர்.

அவளுக்கு விளக்கவேண்டியிருக்கவில்லை. அழுகையும் சிரிப்புமாக ஒரு சத்தம் வெடித்துக் கிளம்பியது. பின்னால் துணை விமானி பதறிப்போய், "என்ன ஆச்சு கேப்டன்?" என்று கேட்பது ஆய்வாளர் காதில் விழுந்தது.

"நாளைக்கு எத்தனை மணிக்கு வருவே?" என்று கேட்டார், வழக்கம்போல.

"தெரியலைங்க. அவங்க கச்சேரி எப்ப முடியுதோ, அப்ப."

"சரி. பாப்பாகிட்ட அப்படியே சொல்லிடறேன்" என்றுவிட்டு எழுந்தார். போகிற வழியில் வாசல் நடையில் நின்று, மெஷின் கல் தரையில்தான் இருக்கிறதா என்று ஒருமுறை குனிந்து பார்த்துக்கொண்டார்.